வெள்ளகில் குடிவந்த மொட்டைமாடி

தாம்பரத்திலிருந்து சேலையூர் போகிற வழியில், இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கும் பழைய பங்களா ஒன்று உண்டு. டெபோரா அதன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது சாயங்காலம். தெருவெல்லாம் நிழல் விழுந்துவிட்டது. வெயில் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சமிருந்தது, பங்களாவின் பின்பக்கம் நின்ற வெள்ளகில் மரத்தின் உச்சியில்.

அது இந்த ஊர் மரமே இல்லை. மேற்கே மலையில், சதா மழை பெய்கிற காட்டில், மற்ற மரங்களையெல்லாம் தாண்டி நெட்டுக்கு ஏறிப் போகிற ஜாதி. அதன் கட்டையில் சந்தனத்துக்குத் தம்பி முறையாகும் ஒரு வாசனை. அந்த வாசனையே அதற்கு எமனாகி, வெட்டி வெட்டி மலையிலேயே இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு வன அதிகாரி கொண்டுவந்து நட்ட கன்று தாம்பரத்து வெயிலுக்கு எப்படித் தாக்குப்பிடித்தது, துணைமரம் இல்லாமல் தன்னந்தனியாக எப்படிக் காய்த்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. டெபோராவுக்கும் விளங்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். மிச்ச நேரமெல்லாம் அரிய மரங்களின் விதையைப் பொறுக்கி நாற்று வளர்ப்பது அவளுடைய பைத்தியம்.

போன புயலில் மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அடியில் உள்ளெல்லாம் பொக்கை. முறையாக அனுமதி வாங்கி, மறுநாள் காலையில் வெட்டப் போகிறார்கள். டெபோரா முட்டி மோதிப் பார்த்தாள். கடைசியில் அடிமரத்தைக் கையால் தட்டி, காலிக் குடத்தின் சத்தம் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டாள். கீழே விதை ஏதாவது கிடந்தால் பொறுக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் இன்றைக்கு வந்திருந்தாள்.

மரத்தடியில் குப்பன் குந்தியிருந்தார். மரம் வெட்டுகிற கோஷ்டிக்கு மேஸ்திரி. ஒரு எலுமிச்சம்பழம், கற்பூரம், கொஞ்சம் பொரி. பெரிய மரமாக இருந்தால் வெட்டுவதற்கு முந்தின நாள் சொல்லிவிட்டு வருவது அவர்கள் வழக்கம். மரத்தில் யார் குடியிருந்தாலும் அவர்களுக்கு நோட்டீஸ் கொடுப்பது மாதிரி. நாளைக்கு வெட்டப் போகிறோம், இதே ஜாதி மரம் இன்ன இடத்தில் இருக்கிறது, அங்கே போய்விடுங்கள் என்று இடத்தின் பெயரைச் சொல்லிக் கும்பிட வேண்டும். வேப்பமரம், தூங்குமூஞ்சி மரம் என்றால் அடுத்த தெருவைச் சொல்லிவிடுவார்கள். இதற்கு எந்தத் தெருவைச் சொல்வது?

"மேடம், இந்த ஜாதி மரம் இங்க வேற எங்கனா கீதா?" என்று கேட்டார் குப்பன்.

வால்பாறைப் பக்கம் இருக்கலாம் என்றாள் டெபோரா. அவ்வளவு தூரமெல்லாம் செல்லாது என்று அவர் தலையாட்டினார். கற்பூரம் காற்றில் கரைந்துகொண்டிருந்தது, மனிதருக்கு அவசரம். டெபோராவுக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், இந்தப் பேச்சில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த மரத்தின் மேல் இருந்த பாசத்தில் சொன்னாள், போன வருஷம் இதே மரத்தின் விதையில் முளைத்த நாற்றுகள் தன் வீட்டு மொட்டைமாடியில் இருக்கின்றன என்று.

குப்பன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்ப நீங்கதான் உங்க வாயால கூப்டணும். எடத்துக்குச் சொந்தக்காரங்க சொல்லணும். நான் சொன்னா செல்லாது."

அவள் மரத்தில் கையை வைத்தாள். "எங்க வீட்டுக்கு வாங்க," என்றாள், விருந்தாளியை அழைக்கிற தோரணையில். "மேடவாக்கத்துல இருக்கோம். உங்க பிள்ளைங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க."

மேலே சலசலத்துக்கொண்டே இருந்த இலைகள் சட்டென்று நின்றன.

"எடம் பத்துமா மேடம்?" என்று கேட்டார் குப்பன். அவர் சிரிக்கவில்லை.

பத்தும் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். வழி நெடுக, கேம்ப் ரோடு சிக்னல் தாண்டியும், பின் ஸீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிற கனம் வண்டியில் தெரிந்தது. டயரில் காற்றுக் குறைவு என்று நினைத்துக்கொண்டாள்.

*

பேய் பிசாசு என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று நாமாக ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். டெபோரா வீட்டுக்கு வந்தது அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. அது உச்சிவெயிலில் வந்தது. அதனால்தான் வெகு நாள் வரைக்கும் அவளுக்கு அதன் மேல் சந்தேகம் வரவில்லை. அவள் சந்தேகமெல்லாம் புருஷன் மேல் போயிற்று.

ஃபிரெடிக்கு ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் வேலை. வாரத்தில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே லேப்டாப்பைத் தட்டுகிறவன். சென்ட் அடித்தால் தும்மல் வரும் என்று கல்யாணத்தன்றைக்கே வேண்டாம் என்றவன். அந்த மனிதனின் சட்டையை ஒரு நாள் வாஷிங் மெஷினில் போடும்போது டெபோராவின் மூக்கில் வந்து மோதியது ஒரு வாசனை. இனிப்பாக, கனமாக, ஈரம் கலந்து. மறுநாளும். அதற்கடுத்த நாளும்.

எங்கே போனீர்கள் என்று கேட்டாள். எங்கேயும் போகவில்லை என்றான். பாண்ட் கீழே நனைந்திருக்கிறதே என்றாள். அப்படியா என்று குனிந்து பார்த்தான், அவனுக்கே அது புதுச்செய்தி போல. பேச்சுக்குப் பிடி கொடுக்காமல் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். சோறு அப்படியே இருந்தது. மதியச் சாப்பாட்டை அவன் தொடுவதே இல்லை என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

தங்கை ஜெனிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். ஜெனி ஆறுதல் சொல்கிற ரகமில்லை. சாப்பாடும் இறங்கவில்லை, வாசனையும் அடிக்கிறது என்றால் இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டாள். அன்றிலிருந்து டெபோரா சி.ஐ.டி. ஆனாள். ஃபிரெடியின் போனைத் திறந்து பார்த்தாள். தண்ணி லாரிக்காரன் நம்பரைத் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை. கீழ்வீட்டு ஸ்நேகா சற்று அலங்காரமாக இருக்கிற பெண் என்பதால், லிஃப்டில் அவள் பக்கத்தில் ஒட்டி நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் பூண்டு வாசனைதான் வந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்றும் அவளை உறுத்தியது. ஆடிக் காற்றில் மொட்டைமாடியின் பச்சை வலை கிழிந்து பறந்துவிட்டது. வெள்ளகில் நாற்றுக்கு நிழல் வேண்டும். காட்டில் அது தாய்மரத்தின் காலடியிலேயே வளர்கிற பிள்ளை, மேடவாக்கத்து வெயிலில் ஒரே நாளில் கருகிவிடும். ஸ்கூல் பரீட்சை வேலையில் வலை வாங்க அவளுக்கு நேரமில்லை, பயந்துகொண்டே ஏறிப் பார்த்தாள். ஒரு இலைகூட வாடவில்லை. கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றன. தொட்டியில் மண் ஈரமாக இருந்தது. ஃபிரெடியைக் கேட்டால், நான் மாடிக்கே போகவில்லையே என்றான்.

பொய் சொல்கிறான். எல்லாவற்றிலும் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினாள்.

ஒரு நாள் மதியம் அவன் ஆபீஸிலிருந்து அவளுக்கே போன் வந்தது. ஃபிரெடி சார் தினமும் மதியம் மீட்டிங்குக்கு வருவதில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். டெபோரா ஹெச்.எம்.மிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்ற கோபம், பிடித்துவிடுவோமோ என்ற பயம், இரண்டும் சேர்ந்து வண்டியை விரட்டின.

ஃப்ளாட் கதவு திறந்தே கிடந்தது. லேப்டாப்பில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், முன்னால் ஆளில்லை. அறை அறையாகப் பார்த்தாள். ஒருவருமில்லை. வாசனை மட்டும் இருந்தது. அது படுக்கையறையில் இல்லை. மாடிப்படியில் இருந்தது.

ஏற ஏற வாசனை கெட்டியானது.

பிறகு சத்தம் கேட்டது. இலைச்சத்தம். தொட்டிச் செடிகள் போடுகிற சத்தமில்லை அது. உயரத்தில், வெகு உயரத்தில், காற்று நுழைந்து வெளியே வருகிற சத்தம். சேலையூர் பங்களாவில் கேட்ட அதே சத்தம்.

மாடிக் கதவைத் தள்ளினாள்.

ஃபிரெடி தொட்டிகளுக்கு நடுவே நின்றான். வெறுங்காலை, தொட்டிகளிலிருந்து தண்ணீர் வடியும் சேற்றுத் தட்டில் ஊன்றி, கைகளை லேசாக விரித்து, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு. கண் திறந்தே இருந்தது. சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், இமைக்கவில்லை.

அவன் தோளில் ஒரு காக்கா உட்கார்ந்து மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது.

அவன் கணுக்காலில் தொடங்கி, முட்டி, இடுப்பு, கழுத்து, காதுமடல் வரைக்கும் ஒரே கோடாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், பழகின பாதையில் போகிற மாதிரி.

கடைசியாக அவள் தரையைப் பார்த்தாள். உச்சிவெயிலில் மனுஷ நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடக்க வேண்டும். அவன் நிழல் மாடி முழுக்கப் படர்ந்திருந்தது. கிளை கிளையாக. ஒரு நாற்றுகூட வெயிலில் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் நிழலில் இருந்தன.

*

பிடித்து உலுக்கியதும் அவனுக்கு நினைவு வந்தது. தண்ணீர் ஊற்ற வந்தேன் போலிருக்கிறது என்றான். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பொய் சொல்லாத மனிதனை இத்தனை நாள் படுத்திவிட்டோமே என்று டெபோராவுக்கு அழுகை வந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனாள். வெயிலில் நிற்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார் டாக்டர். அவன் குடிக்காத தண்ணீரா?

குப்பனுக்கு போன் போட்டாள். அவர் வேலை இருக்கிறது என்று நழுவப் பார்த்தார். விடாமல் பிடித்துக்கொண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு அதுக்கு மேல தெரியாது மேடம். கூப்ட்டவங்கதான் அனுப்பணும். எடம் சொல்லி அனுப்பணும். வேற இன்னா சொல்றது, என்னை இதுல இழுக்காதீங்க."

அதோடு அவர் அவள் போனை எடுக்கவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டெபோரா அன்றைக்கே ஓர் இடத்தைச் சொல்லி அதை அனுப்பப் பார்த்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. வண்டலூரில் மிருகக்காட்சிசாலைக்குப் பின்பக்கம் இருக்கிற காட்டோரத்தில், ஐப்பசி மழைக்கு இந்த நாற்றுகளை நட இடம் கிடைத்திருந்தது. அந்த மரத்தின் வம்சத்தில் உலகத்தில் மிச்சமிருப்பவை இந்தத் தொட்டிகள்தான். புதுப் பச்சை வலை வாங்கிக் கட்டிப் பார்த்தாள். மறுநாள் அது சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது, வலையடியில் நின்ற நாற்றுகள் வதங்கியிருந்தன. ஃபிரெடி நின்றால்தான் அவை வளர்ந்தன. கண்ணுக்குத் தெரிய வளர்ந்தன. இன்னும் கொஞ்ச நாள்தானே, தினமும் கொஞ்ச நேரம்தானே, அவருக்கு வலிக்கிற மாதிரியும் தெரியவில்லையே என்று அவள் மனசு கணக்குப் போட்டது. அப்படி யோசித்ததற்காகத் தன்னையே அவள் வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

ஃபிரெடி உலர்ந்துகொண்டே வந்தான். முதுகைத் தேய்த்துவிடப் போனால் கை சொரசொரத்தது. கூப்பிட்டால் திரும்ப வெகுநேரம் ஆனது.

ஒரு சனிக்கிழமை மதியம் அவள் மேலே போனபோது அவனை அசைக்க முடியவில்லை. உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், பெயர் சொல்லிக் கத்தினாள். காக்கா பறந்து போயிற்று, அவன் நின்றான். குனிந்து அவன் காலைப் பிடித்துச் சேற்றிலிருந்து தூக்கினாள்.

வரவில்லை.

பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். ஏதோ அறுபடுகிற சத்தம் கேட்டது. குதிகால் கொஞ்சம் மேலே வந்தது. குதிகாலுக்கும் சேற்றுக்கும் நடுவே, சேமியா கனத்தில், வெள்ளை வெள்ளையாக என்னவோ தொங்கியது. ஒவ்வொன்றாக அறுந்தது. மிச்சம் இருந்தவை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலை மெதுவாகத் திரும்பக் கீழே இழுத்துக்கொண்டன.

ஃபிரெடியின் திறந்த கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. அது கண்ணீர் மாதிரி ஓடவில்லை. கன்னத்திலேயே பிசினாக உறைந்து நின்றது.

டெபோரா அவன் நெஞ்சில் கையை வைத்தாள், அன்றைக்கு மரத்தில் வைத்தது போல. உள்ளே துடிப்பு எங்கேயோ ஆழத்தில் இருந்தது.

"வண்டலூருக்குப் போங்க," என்றாள். "அங்க காடு இருக்கு. உங்களுக்கு இடம் போட்டிருக்காங்க."

இலைச்சத்தம் ஒரு கணம் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. பிறகு மறுபடி தொடங்கியது.

சொந்தக்காரங்க சொல்லணும் என்று குப்பன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டலூர் காடு அவளுடையது இல்லை. இந்த மொட்டைமாடிகூட முழுக்க அவளுடையது இல்லை, அசோசியேஷனுடையது. ஃபிரெடியும் அவள் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை. தன்னுடையது, தானே கொடுக்கக்கூடியது என்று அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

"அவரை விட்டுடுங்க," என்றாள் மெதுவாக. "என்கிட்ட வாங்க. பிள்ளைங்களை மண்ணுல வைக்கிற வரைக்கும் இருங்க. அப்புறம் போயிடணும்."

ஃபிரெடி மடங்கி அவள் மேல் சரிந்தான். மனுஷ கனம். மனுஷ வியர்வை நாற்றம். அவள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

*

அன்றைக்குச் சாயங்காலம் ஃபிரெடி எழுந்து, பசிக்கிறது, மீன் குழம்பு வேண்டும் என்றான். தட்டை வழித்துச் சாப்பிட்டான். முதுகின் சொரசொரப்பு குளிக்கக் குளிக்க உரிந்து போயிற்று. டெபோரா தினமும் ராத்திரி தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். ஒன்றுமில்லை. வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள், பாடம் நடத்தினாள், நோட்டு திருத்தினாள், வந்தாள். நாற்றுகளும் ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தன. மறுபடி விரித்துக் கட்டிய புது வலை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வண்டலூரில் கன்றுகளை நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மண் அணைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது டெபோரா குனிந்து, பிள்ளைங்க வந்தாச்சு, நீங்களும் இங்கேயே இருந்துக்கங்க என்று சொன்னாள். மனசு லேசானது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு வாரம் முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் வீட்டுக்கு வந்தபோது ஃபிரெடி விளக்குப் போடாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஆடி மாதம் பூராவும் அவள் அவனைப் பார்த்த பார்வை.

"உங்க ஹெச்.எம். போன் பண்ணாங்க," என்றான். "இந்த வாரம் பூரா மதியம் நீ கிளாஸுக்கே வரலையாம். எங்க போற, டெபி?"

ஸ்கூலில்தான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஐந்தாவது பீரியட், ஒன்பதாம் வகுப்பு. போர்டில் எழுதிய பாடம் எது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. வெயில் மட்டும் நினைவுக்கு வந்தது. முகத்தில் விழுந்த, இதமான, நல்ல வெயில்.

"துப்பட்டாவுல என்ன வாசனை அது?" என்றான் ஃபிரெடி.

அவள் கீழே பார்த்தாள். கால் விரல் இடுக்கில் ஈரச் சேறு. கழுத்தோரம் ஏதோ ஊர்ந்தது. தட்டிவிட்டாள். எறும்பு.

அதன் பின்னாலேயே அடுத்தது ஏறிக்கொண்டிருந்தது.